143ஆம் தெருவில் தொடங்கிய ஆட்டம்

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் உங்களுக்கு எரிச்சலூட்டினால், ஆல்தியா கிப்சனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1927இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தது. அவர்கள் குடியிருந்த 143ஆம் தெருவைப் பிள்ளைகள் விளையாடுவதற்காகப் பகலில் வண்டி போகாமல் அடைத்துவைப்பார்கள். மரமட்டையால் ஆடும் பேடில் டென்னிஸை ஆல்தியா அங்கேதான் பழகினார். 12 வயதில் நகர சாம்பியன்! பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடும் பெண்தான். ஆனாலும் 1940இல் அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அவரை ஒரு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள்.

கறுப்பினத்தவருக்கான தேசியப் போட்டியில் 1947 முதல் தொடர்ந்து 10 முறை வென்றார். அமெரிக்கத் தேசியப் போட்டியிலோ அவருக்கு இடமில்லை. முன்னாள் சாம்பியனான வெள்ளையினப் பெண் ஆலிஸ் மார்பிள், 1950இல் இதைக் கண்டித்து ஒரு டென்னிஸ் இதழில் எழுதினார். அந்த ஆண்டே கதவு திறந்தது.

1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள். இவற்றையெல்லாம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. விம்பிள்டன் கோப்பையை எலிசபெத் அரசி கையால் வாங்கினார்.

ஆனால் அந்நாளில் பரிசுப்பணம் கிடையாது. கோப்பையை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா? 1958இல் அமெச்சூர் ஆட்டத்தை விட்டார். பாடினார். பிறகு கோல்ஃப் கற்று, 1964இல் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணானார். அதிலும் பெரிய வருமானம் இல்லை.

1990களில் நோயும் வறுமையும் சேர்ந்து வாட்டின. வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாத நிலையில், தன்னுடன் இரட்டையர் ஆட்டம் ஆடிய இங்கிலாந்துத் தோழி ஏஞ்சலா பக்ஸ்டனுக்கு போன் செய்தார். ஏஞ்சலாவின் முயற்சியால் விஷயம் டென்னிஸ் ரசிகர்களுக்குத் தெரியவந்து, பல நாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. 2003இல் ஆல்தியா காலமானார்.

அவருக்குப் பின் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தைக் கறுப்பினப் பெண் ஒருவர் வெல்ல 42 ஆண்டுகள் ஆயின. 2000இல் வென்றவர் வீனஸ் வில்லியம்ஸ். அமெரிக்க ஓப்பன் வளாகத்தில் 2019 முதல் ஆல்தியாவின் சிலை நிற்கிறது.

அவருடைய முதல் கிளப் கட்டணத்தைக் கட்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். நம் பிளாக்கிலும் அப்படி ஒரு பிள்ளை பந்தடித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் இடம் விடுங்கள்.