நூல்களுக்கு முகவரி வகுத்த சீர்காழியார்

நூல்நிலையம் என்றவுடன் அலமாரியும் அதன் பூட்டுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அப்பூட்டைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் சீர்காழி தந்த பேரறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். தாயகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு அவர் பால் தனி உரிமையும் உண்டு. அவரும் காசியிலும் டில்லியிலும் பல்லாண்டு உழைத்தவர். ஆதலின் அவர்தம் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

1892ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தை இராமாமிர்த ஐயரை இழந்தார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். திக்குவாய் அவருக்கு ஒரு தடையாக இருந்தது. அதனையும் முயற்சியால் வென்று, மங்களூர், கோயமுத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் கணித ஆசிரியராக விளங்கினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஊதியம் கூடிற்று, உள்ளமோ ஒட்டவில்லை. வாசகர் வாராத அவ்விடத்தின் தனிமை தாங்காமல், சில நாட்களிலேயே பழைய ஆசிரியப் பணியைத் திருப்பித் தருமாறு வேண்டினார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்தபின்னும் மனம் மாறாவிடில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலோர் கூறி அனுப்பினர். 1925இல் அவர் திரும்பியபோது ஆசிரியப் பணியை நாடவே இல்லை.

இலண்டனில் அவர் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அமெரிக்கரான டூவி 1876இல் வெளியிட்ட தசம வகுப்பு முறையே எங்கும் பெருவழக்காக இருந்தது. அம்முறையில் அறிவுத்துறைகள் அனைத்தும் முன்கூட்டியே எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டவை. பட்டியலில் இல்லாத புதிய பொருள் ஒன்று தோன்றினால் அதற்கு இடம் தேட வேண்டும். இக்குறையை எண்ணி வந்த நாளில், ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில துண்டுகளை வெவ்வேறு வகையில் பூட்டிப் பல உருவங்கள் ஆக்கலாம் அல்லவா? அறிவையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைக்கலாம் என்னும் கருத்து அவருள் உதித்தது. அதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். வாகன்களைத் தேவைக்கேற்பக் கோத்து வண்டி அமைப்பது போன்றது அது. எல் என்னும் எழுத்து மருத்துவத்தைக் குறிக்கும்; 45 நுரையீரல்; 421 காசநோய்; 44 இந்தியா. இவற்றைக் குறியீடுகளால் பிணைத்தால் இந்திய நாட்டில் நுரையீரல் காசநோய் பற்றிய நூலுக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அடுத்த ஆண்டே, நூற்பட்டியல் தயாரிப்பதற்கான விதிகளையும் தனி நூலாக வெளியிட்டார்.

இங்கேதான் அவர்தம் துணிவைக் காண்கிறோம். தாம் வகுத்த விதி என்பதற்காக அதனை அவர் மாற்றாமல் விடவில்லை. பகுப்பு முறையை 1939, 1950, 1952, 1957, 1960 ஆகிய ஆண்டுகளில் திருத்தினார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளும், அவற்றுக்குரிய வெவ்வேறு இணைப்புக் குறிகளும் 1952ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றன. பட்டியல் விதிகளும் 1964இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டன. விதி மாறினால் அலமாரியிலுள்ள நூல்களின் எண்ணும் மாற வேண்டும். நூலகருக்கு இது பெருஞ்சுமை. இதனால் அம்முறையைக் கைக்கொள்ளத் தயங்கியோர் உண்டு. எனினும் அறிவு வளரும்போது அதை அளக்கும் கோலும் வளர வேண்டும் என்பதே அவர் கொள்கை.

மற்றொரு திருத்தம் நம் ஒவ்வொருவரையும் தொடுவது. மேனாட்டு விதிப்படி பெயரின் இறுதிச் சொல்லே குடும்பப் பெயர். அதன் கீழேதான் நூலாசிரியர் பதிவு அமையும். தமிழருக்கோ முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. இறுதியில் வருவது சாதிப் பட்டமாகவும் இருக்கலாம். மேனாட்டு விதியைப் பின்பற்றினால் எல்லா ஐயர்களும் பிள்ளைகளும் முதலியார்களும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவர். சொந்தப் பெயரையும் பட்டத்தையும் சேர்த்தே முன் நிறுத்தி, முன்னெழுத்துகளைப் பின்னே அடைப்பில் இடுமாறு இரங்கநாதன் விதி செய்தார். பிற மாநிலத்து அலுவலகப் படிவங்களில் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டு விழித்த அனுபவம் உடையோர்க்கு இவ்விதியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

சென்னைப் பணியை விட்டபின், 1945 முதல் காசி இந்து சர்வகலாசாலையிலும், 1947 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்திலும் தொண்டாற்றினார். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆவணத்துறைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, நூலகத்துறைக்குத் தேசியத் தரங்கள் உருவாக வழிசெய்தார். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவரது இடையறா முயற்சியின் பயன். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாம் சேமித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவியார் சாரதா பெயரையும் இணைத்து நூலகவியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அந்நகரிலேயே 1972 செப்டம்பர் 27இல் மறைந்தார். இறுதிவரை அவர் உழைத்த பகுப்பு முறையின் ஏழாம் பதிப்பு 1987இல்தான் வெளிவந்தது.

இன்றும் உலகில் டூவியின் முறையே மிகுதியாக வழங்குகிறது. ஆயினும் கூறுகளாகப் பிரித்து இணைக்கும் இரங்கநாதனின் கருத்து பிறர் முறைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டி 1950இல் தொடங்கியபோது, பொருளகராதி அமைக்க அவர் கண்ட சங்கிலி முறையையே மேற்கொண்டது. ஒரு முறை தோற்று அதன் கருத்து வெல்வதும் வெற்றியே அன்றோ!

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் இல்லங்களில் உறங்கும் தமிழ் நூல்களைச் சங்கத்துக்கு அளித்து, பதிவேட்டில் முறைப்படி ஏற்றி, நம் சிறுவர் சிறுமியர் கைகளில் சேர்ப்போமாயின் அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.