காவிரிக்கு இந்தப் பக்கம் திப்பு சுல்தான்

திப்பு சுல்தான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ராக்கெட்டா, புலியா? இல்ல, 2015-ல ஆரம்பிச்சு கர்நாடகாவுல பெரிய சண்டையா வெடிச்ச திப்பு ஜெயந்தியா? வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வேர்டு அவரைத் தெய்வமாக்கும், அடுத்தது அரக்கனாக்கும். ரெண்டுலயும் நம்ம ஊரு மட்டும் வராது. ஆனா நீங்க தினமும் பஸ் ஏறி இறங்குற இந்தக் கோயம்புத்தூர், 1799 வரைக்கும் அவரோட ஆட்சியில இருந்த ஊர். அதனால அந்தக் கதையை நம்ம பக்கத்துல நின்னு ஒரு தடவை பார்த்துடலாம், வாங்க.

அப்பா பிடித்த ஆட்சி

திப்பு பிறந்தது 1750-ல், பெங்களூர் பக்கத்துல தேவனஹள்ளியில். பெயர் வந்தது நம்ம தமிழ்நாட்டுல இருந்துதான். ஆற்காட்டில் அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் நினைவாக வைத்த பெயர் அது.

அப்பா ஹைதர் அலி ராஜ வம்சம் கிடையாது. மைசூர் படையில் சாதாரணமாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, 1761-ல் மொத்த அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டவர். உடையார் மன்னர் பேருக்கு அரண்மனையில் இருந்தார், தசராவுக்கு மக்கள் முன்னால் தோன்றினார், அவ்வளவுதான். இன்னைக்கு நியூஸ்ல ராணுவப் புரட்சின்னு படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். கொங்கு நாடு அதுக்கு முன்னாடியே மைசூர் ஆட்சிக்குக் கீழே வந்துவிட்டதால், நமக்கும் எஜமான் மாறினார்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்புவும் ஹைதரும் நொறுக்கினார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை பார்த்த மிக மோசமான தோல்விகளில் அது ஒன்று. 1782 டிசம்பரில் சித்தூர் பக்கத்து முகாமில் ஹைதர் இறந்தார். மலபாரில் போரில் இருந்த திப்பு விரைந்து வந்து ஆட்சியை ஏற்றுக்கொண்டார்.

மேலிருந்து வந்த புரட்சி

அப்பா உடையாரின் பெயரை விட்டு வைத்தார். மகன் அதையும் மெல்ல அழித்தார். தன்னையே பாதுஷா என்று அறிவித்தார். தன் அரசை இறைவன் தந்த அரசு என்று அழைத்தார். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த துருக்கி சுல்தானிடம் தூதுக்குழு அனுப்பி அங்கீகாரம் கேட்டார். 1796-ல் உடையார் மன்னர் இறந்தபோது அடுத்த ஆளை அமர்த்தவே இல்லை.

அதோட நிற்கல. காலண்டரை மாற்றினார், நாணயத்தை மாற்றினார், அளவைகளை மாற்றினார். அரசே வியாபாரம் செய்தது. பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டு வந்தார். நடுவில் இருந்த பாளையக்காரர்களை ஓரங்கட்டி, அமில்தார்களை வைத்து நேரடியாக வரி வசூலித்தார்.

ராக்கெட் விஷயத்துக்கு வருவோம். அதுவரை மற்ற இடங்களில் பெரும்பாலும் காகிதக் குழாயில் செய்துகொண்டிருந்ததை, மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் செய்தார்கள். குழாய் வெடிக்காமல் அதிக அழுத்தம் தாங்கும், அதனால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் பாயும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுக்கு இதுதான் முன்மாதிரி. நாசாவின் வாலப்ஸ் மையத்தில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

சரி, மறுபக்கம்? குடகிலும் மலபாரிலும் எதிர்த்தவர்களை ஆயிரக்கணக்கில் சிறைபிடித்தார், கட்டாய மதமாற்றம் நடந்தது. 1784-ல் மங்களூர் கத்தோலிக்கர்களை ஊரோடு பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக் கொண்டுபோனார். எத்தனை பேர் என்பதில் சண்டை இருக்கலாம், நடந்தது என்பதில் இல்லை. அதே மனிதர்தான், 1791-ல் மராத்தியப் படையோடு வந்தவர்கள் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, அதைச் சீரமைக்கப் பணமும் பொருளும் அனுப்பினார். அவருடைய நிர்வாகத்தின் தூண் பூர்ணையா என்ற பிராமணர். இதில் ஒரு பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் உங்களுக்கு வேண்டிய திப்பு கிடைப்பார், உண்மையான திப்பு கிடைக்க மாட்டார்.

கஜலட்டி இறங்கிய படை

திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவும் பைக்ல போயிருப்பீங்க. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மாயாறு பக்கம் இருக்கிறது கஜலட்டி கணவாய். அந்தக் காலத்துல மைசூருக்கும் கொங்குக்கும் அதுதான் முக்கிய வாசல். 1790-ல் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்ததும், திப்பு அந்த வழியாக இறங்கி வந்து, செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் ஆங்கிலப் படையைத் தாக்கிப் பின்வாங்க வைத்தார். 1791-ல் கோயம்புத்தூர் கோட்டையை லெப்டினன்ட் சால்மர்ஸ் சின்னப் படையோடு மாதக்கணக்கில் காத்து நின்றார். நவம்பரில் அது திப்புவின் கைக்குத் திரும்ப வந்தது.

ஆனா மொத்தப் போரில் திப்பு தோற்றார். 1792 உடன்படிக்கைப்படி பாதி நாடு போச்சு. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அது கட்டி முடியும்வரை சின்னப் பிள்ளைகளான இரண்டு மகன்களைப் பிணையாக ஆங்கிலேயரிடம் அனுப்ப வேண்டியதாச்சு. சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் கம்பெனிக்கு. ஈரோடு, கோவை, தாராபுரம் திப்புவுக்கு. யோசிச்சுப் பாருங்க, ஏழு வருஷம் ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவுல ஓடின காவிரி ஒரு நாட்டு எல்லை!

மே 4

திப்பு நண்பர்களைத் தேடினார். பிரெஞ்சுப் புரட்சி நடந்து, அரசனின் தலையை வெட்டிய தேசத்தோடு இந்த பாதுஷா கைகோத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புரட்சிச் சங்கம் அமைத்து, திப்புவைக் குடிமகன் திப்பு என்று அழைத்ததாக ஒரு கதை உண்டு; சில வரலாற்றாசிரியர்கள் அதைச் சந்தேகிக்கிறார்கள். நெப்போலியன் எகிப்தில் இருந்து எழுதிய கடிதம் நிஜம், ஆனா அது கைக்கு வந்து சேரவே இல்லை. இந்த பிரெஞ்சுத் தொடர்பையே காரணமாகக் காட்டி வெல்லெஸ்லி படை அனுப்பினார்.

1799 மே 4. மதியம் கோட்டைச் சுவர் உடைந்த இடத்தின் வழியாகப் படை உள்ளே புகுந்தது. திப்பு தப்பி ஓடவில்லை. இரவில் விளக்கு வைத்துத் தேடி, பிணக்குவியலுக்குள் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். ஐந்து வயது உடையார் பையனை அரியணையில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் திவான் அதே பூர்ணையாதான். கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போனது.

அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க

இங்கதான் கொங்குக் கதை சுவாரஸ்யமாகுது. தீரன் சின்னமலை முதலில் மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்தவர். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்லச் சொன்னாராம். அவரே பிறகு திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். திப்பு செத்த பிறகும் விடவில்லை. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷம், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தபோது, அங்கே காவலில் இருந்த திப்பு மகன்களின் பெயரைச் சொல்லி மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள்.

சின்னமலை ஏன் மாறினார்? திப்புவின் வரி இனித்திருக்காது. ஆனா வரப்போறவன் இன்னும் பெரிய ஆபத்துன்னு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாளையக்காரர்களை ஒடுக்கும் வேலையை கம்பெனி திப்புவை விடக் கச்சிதமாகச் செய்து முடித்தது.

என்னைக் கேட்டால், திப்புவிடம் நாம கத்துக்க வேண்டியது ராக்கெட் மட்டும் இல்லீங்க. நம்ம பாடத்துல சிங்கிள் பாயிண்ட் ஃபெயிலியர்னு படிக்கிறோமே, அவருடைய அரசு அப்படித்தான் இருந்தது. ஆயுதம், நாணயம், காலண்டர் எல்லாத்தையும் புதுசாக்கினார். ஆனா அவரைப் பார்த்து இது தப்புன்னு சொல்ற அதிகாரம் யாருக்கும் இல்லை. அதனால குடகிலும் மங்களூரிலும் அவர் கையைத் தடுக்க ஆள் இல்லை. மே 4 அன்று அவர் விழுந்ததும் அரசைத் தாங்கவும் ஆள் இல்லை. ரெண்டும் ஒரே காரணம்தான்.

அடுத்த தடவை உக்கடம் பக்கம் போனா கோட்டைமேட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்துங்க. கோட்டை இல்லை, பெயர் மட்டும் இருக்கு. லீவ் கிடைச்சா சங்ககிரி மலை ஏறுங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க, படி நிறைய.