ஈயத்தைப் பழக்கிய காஸ்டன் பிளான்டே



வேலூர் லாங் பஜாருக்குப் போயிருக்கிறீர்களா? மளிகை மூட்டை வண்டிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் நெளிந்து நெளிந்து போகும். ஓடுகிற வண்டி இருக்கட்டும், ஓடாமல் நிற்கிற வண்டியைப் பாருங்கள். கடைச் சந்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ தூசு படிந்து நிற்கும். அதன் சொந்தக்காரர் துபாயிலோ சவூதியிலோ வேலையில் இருப்பார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இப்படி வெளிநாடு போன அண்ணன்களும் மாமாக்களும் நிறைய. ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினால் விளக்கு எரியாது, ஹாரனும் அடிக்காது. புதுப் பேட்டரிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பாடுபட்டுச் சேர்த்த பணம்!

யாரும் தொடாத பேட்டரி ஏன் கெட்டது? இதைத் தெரிந்துகொள்ள, அதைக் கண்டுபிடித்தவரிடமே போவோம். அவர் பெயர் காஸ்டன் பிளான்டே.

பிரான்சு நாட்டின் தெற்கே உள்ள ஆர்தெஸ் என்ற சிற்றூரில் 1834 ஏப்ரல் 22 அன்று பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் பாரீசுக்குக் குடிபெயர்ந்தது. தம்பி பிரான்சிஸ் பிளான்டே பிற்காலத்தில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆனார். அண்ணனுக்கோ அறிவியல் மேல்தான் நாட்டம். இருபது வயதில் பாரீஸ் கலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய பேராசிரியர் எட்மண்ட் பெக்கொரல். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கொரலைப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அவருடைய தந்தை இவர்.

முதலில் பிளான்டேக்குப் பெயர் வாங்கித் தந்தது மின்சாரம் அல்ல, ஒரு பறவை! 1855-இல் பாரீசுக்கு அருகே மண்ணில் புதைந்து கிடந்த பெரிய எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பறக்க முடியாத ராட்சதப் பறவையின் எலும்பு அது. ஓர் ஆள் உயரம் இருக்கும். காஸ்டன் என்ற அவர் பெயரையே வைத்து அதற்கு காஸ்டார்னிஸ் என்று பெயரிட்டார்கள். மற்ற விலங்குகளைக் கொன்று தின்ற பறவை என்று வெகுகாலம் நினைத்தார்கள். இலை தழை தின்ற சாதுவான பறவை என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன.

பறவையை விட்டுவிட்டு மின்கலத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் மின்சாரம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் கரைத்துத்தான் பெற வேண்டும். தகடு கரைந்து தீர்ந்தால் மின்சாரமும் தீர்ந்தது. பானையில் தண்ணீர் பிடித்து வைப்பதுபோல மின்சாரத்தைப் பிடித்து வைக்க வழி இல்லை.

செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம், ஈயம் என்று ஒவ்வோர் உலோகத்தையும் பிளான்டே சோதித்துப் பார்த்தார். ஜெயித்தது, எல்லாவற்றிலும் மட்டமானதாகத் தோன்றிய ஈயம்தான். காரீயம் என்போமே, அது. 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே தடுப்பு வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் அதை நிறுத்தினார். (நம் ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் தோலை உப்போடு சேர்த்து ஊறவைக்கப் பயன்படும் அதே அமிலம்தான்.) அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். பிறகு எடுத்துப் பார்த்தார். உள்ளே போனது திரும்பி வந்தது! காலியானதும் மறுபடி ஏற்றவும் முடிந்தது. அடுத்த ஆண்டே இப்படி ஒன்பது கலங்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

ஆனால் புதுத் தகடு கொஞ்சம் மின்சாரத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். ஏற்றி இறக்கி, திசை மாற்றி ஏற்றி, சில நாள் சும்மா விட்டு, மறுபடி ஏற்றி, இப்படி மாதக்கணக்கில் பழக்கினால்தான் தகட்டின் மேற்பரப்பு பஞ்சுபோல் ஆகி நிறையப் பிடிக்கும். கன்றுக்குட்டியை ஏருக்குப் பழக்குவதுபோல அவர் ஈயத்தைப் பழக்கினார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வு கொடுத்தார், ஆனால் ஓய்வுக்குப் பிறகு மறுபடி ஏற்றாமல் விடவில்லை.

நம் சந்தில் நிற்கிற வண்டிக்குக் கிடைக்காதது அதுதான். பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்லக் குறையும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். வண்டியில் கடிகாரம் போன்றவை இருந்தால் அவையும் கொஞ்சம் குடிக்கும். சார்ஜ் இறங்க இறங்க இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது பழையபடி மாறிவிடும். மாதக்கணக்கில் விட்டால் கற்கண்டுபோல் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. பேட்டரி செத்தது இப்படித்தான்.

ஆகவே வீட்டில் யாராவது நெடுநாள் ஊருக்குப் போவதாக இருந்தால், நீங்கள் சொல்ல வேண்டியதைக் கேளுங்கள். போகும்முன் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து கழற்றி, நிழலான, உலர்ந்த, சிறு பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் ஒயர், மாட்டும்போது அது கடைசி. மாதம் ஒருமுறை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கார் பேட்டரிக்கு ஏற்றுகிற வேகத்தில் ஏற்றக் கூடாது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். ஏற்றி முடித்துச் சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நலம். மூடி திறக்கிற வகையாக இருந்தால், குறைந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செல்ஃப் ஸ்டார்ட் எடுத்த மின்சாரம்கூட அந்த இரண்டு நிமிடத்தில் திரும்பி வராது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இதையெல்லாம் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீக்குச்சி கிழித்தால் வெடிக்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. அந்தத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள்.

பிளான்டேயின் கலத்தைப் பழக்க மாதங்கள் ஆயின அல்லவா? 1881-இல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி அந்தக் காத்திருப்பைப் போக்கினார். அதே ஆண்டு குஸ்தாவ் துரூவே என்பவர் பிளான்டேயின் மின்கலங்களைக் கொண்டு பாரீஸ் தெருவில் மூன்று சக்கர மின் வண்டியை ஓட்டிக் காட்டினார். பிளான்டே தம் ஆய்வுகளை 1879-இல் நூலாக வெளியிட்டிருந்தார். நூற்றுக்கணக்கான கலங்களை இணைத்து, ஆய்வுக்கூடத்திலேயே மின்னல் போன்ற பொறிகளை உண்டாக்கி, இடி மின்னலை ஆராய்வதில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

1889 மே 21 அன்று, 55 வயதில் காலமானார். ஜெர்மனியில் டைம்லர் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளைச் செய்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த வண்டியில் பேட்டரி கிடையாது. பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாய்தான் அதன் பெட்ரோலைப் பற்றவைத்தது.