ஆறடி ஐந்து அங்குலம்



நம் இருக்கன்குடி, சாத்தூர் பக்கத்தில் வாலிபால் தெரியாத பிள்ளைகள் குறைவு. உயரமான பையன் கிடைத்தால் வலை ஓரம் நிறுத்திவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ஃப்ளோ ஹைமனைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

1954 ஜூலை 31-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். உயரம் 6 அடி 5 அங்குலம். சிறுமியாக இருந்தபோது அந்த உயரமே அவருக்குக் கூச்சம். பிறகு அதுவே பலமாயிற்று. அவர் ஓங்கி அடித்தால் பந்தை எடுப்பது எதிரணிக்குப் பெரும்பாடு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் போக முடியவில்லை. நான்கு வருடம் காத்திருந்து, 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிறகு ஜப்பானில் ஒரு நிறுவன அணிக்கு ஆடப் போனார்.

1986 ஜனவரி 24, மட்சுவே நகரம். ஆட்டத்தின் நடுவில் வேறொருவரை இறக்கிவிட்டு இவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அப்படியே சரிந்தார். வயது 31தான். மாரடைப்பு என்றே முதலில் நினைத்தார்கள். உடலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்த பிறகே உண்மை தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு. தனக்கு அது இருப்பது அவருக்கே தெரியாது. குடும்பத்தாரைச் சோதித்ததில் ஒரு சகோதரருக்கும் இருந்தது. அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். வீங்கிய அடிப்பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்கும் அந்த முறை 1968 முதலே உண்டு. முன்பே தெரிந்திருந்தால் ஃப்ளோவுக்கும் செய்திருக்கலாம். எனக்கு ஆறாதது இதுதான்.

இந்தக் கோளாறில் பெருந்தமனியின் சுவர் பலமில்லாமல் இருக்கும். அடிப்பகுதி வருடக்கணக்கில் பலூன் போல விரியும். பெரும்பாலும் வலியே இருக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.

உயரமெல்லாம் நோயில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பிள்ளை மெலிந்து நெடுநெடுவென வளர்ந்து, இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் உயரத்தையும் மிஞ்சி, விரல்கள் நீண்டு, முதுகு வளைந்து, சின்ன வயதிலேயே கனமான கண்ணாடியும் போட்டிருந்தால் இதய டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள், அதை நம்பி இந்த வீக்கம் இல்லையென்று சொல்ல முடியாது. எக்கோ எடுத்தால்தான் அளவு தெரியும்.