நாடு கடத்தப்பட்ட சுல்தானும் நெகாராகு மெட்டும்

கோலா கங்சார் - தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் பாடப்படும் நெகாராகு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதன் மெட்டு, இந்த அரச நகரில் கண்மூடிய ஒரு சுல்தானின் நாடுகடத்தல் வாழ்வோடு சேர்த்துப் பேசப்படுவது என்பது பலருக்குத் தெரியாது.

சுல்தான் அப்துல்லா 1842-இல் பிறந்தவர். பேராக் அரியணைக்குப் பலர் உரிமை கோரிய காலம் அது. 1874 ஜனவரி 20-இல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம் அவரைச் சுல்தானாக ஏற்றது. ஆனால், சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற அனைத்திலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும். முதல் ரெசிடெண்டான பர்ச், 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அந்தச் சதியில் பங்குண்டு என்று குற்றஞ்சாட்டி, 1877-இல் அப்துல்லாவைச் சீஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பினர் ஆங்கிலேயர்.

அதே 1877-இல்தான் கோலா கங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. சுல்தான் வெளியேற்றப்பட்ட ஆண்டிலேயே, பின்னாளில் நம் முன்னோரைத் தோட்டங்களுக்கு இழுத்து வந்த மரம் இங்கே வேர்விட்டது.

சீஷெல்ஸ் முன்பு பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஆட்சி ஆங்கிலேயரிடம் போன பிறகும் பாட்டும் பேச்சும் பிரெஞ்சு வாடையோடுதான் இருந்தன. அங்கே மாஹே தீவில் பேண்டு வாத்தியக் குழு வாசித்த 'லா ரோசாலி' என்ற பிரெஞ்சு மெட்டு சுல்தான் குடும்பத்தாரின் காதில் விழுந்து, அவர்களோடு பேராக் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு லண்டன் சென்ற பேராக் அரச குழுவினரிடம் மாநில கீதம் எது என்று கேட்டபோது, இந்த மெட்டையே பாடிக் காட்டினார்களாம். ஆண்டையும் ஆளையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். மெட்டு பேராக்கின் கீதமானதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

நீண்ட நாடுகடத்தலுக்குப் பின் மலாயா திரும்பிய அப்துல்லா, 1922-இல் கோலா கங்சாரில் காலமானார்.

மெட்டு அரண்மனைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகி, மேடைகளிலும் கேளிக்கை விருந்துகளிலும் ஒலித்தது. 1947-இல் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுத் தலைவர், ஹவாய் கித்தார் பாணியில் 'மாமுலா மூன்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார். பேராக்கில் எழுந்து நின்று கேட்ட மெட்டுக்கு, வெளியே ஜோடி சேர்ந்து ஆடினார்கள்.

சுதந்திரத்திற்கு முன் தேசிய கீதத்திற்காக உலகளாவிய போட்டி நடந்தது. 514 படைப்புகள் வந்தும் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழுவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் பேராக் மெட்டையே எடுத்துப் புதிய வரிகள் எழுதினார்கள். இனி அதைக் கேளிக்கைக்கு வாசிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் பின்னர் வந்தது.

இசையமைப்பாளர் பெயராக இன்றும் பல இடங்களில் காணப்படுவது பிரெஞ்சுக் கவிஞர் பெராஞ்சேயின் பெயர். அவரோ, ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த மெட்டுகளுக்கு வரிகள் எழுதிப் புகழ்பெற்றவர்.