கிரேஸ் ஹாப்பரும் நோட்டில் ஒட்டிய பூச்சியும்

கம்ப்யூட்டர்ல கோளாறு வந்தா ‘பக்’னு சொல்றோம். பக்னா பூச்சி. அந்தப் பேரோட எல்லாரும் சேர்த்துச் சொல்லும் பெண்மணிதான் கிரேஸ் ஹாப்பர்.

இவர் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி அடிக்குதுன்னு பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்ப மாட்டத் தெரியல. வீட்டில் இருந்த ஏழையும் பிரிச்சுப் போட்டுட்டார்! அம்மா பார்த்துட்டு, இனிமே ஒண்ணை மட்டும் பிரிச்சுக்கோன்னு சொல்லிட்டாங்களாம். (எங்க வீடா இருந்தா கதையே வேற!)

1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டில் இருந்த மார்க் 1 கம்ப்யூட்டரில் வேலை. 51 அடி நீளம்! நம்ம வகுப்பறை ரெண்டைச் சேர்த்தாலும் பத்தாது. அதுக்குப் புத்தகம் கிடையாது. மெஷினைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டு, 500 பக்கத்துக்கு மேல் உள்ள கையேட்டின் பெரும்பகுதியை எழுதினார்.

1947 செப்டம்பர் 9. மார்க் 2 தப்பாக ஓடியது. உள்ளே ரிலே என்ற சுவிட்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேடினால், 70-ஆம் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி மாட்டிச் செத்துக் கிடந்தது. அதைத் தூக்கிப் போடல. மணி 3.45 என்று எழுதி, குறிப்பு நோட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். நோட்டு ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இன்னும் இருக்கு. பூச்சியைப் பிடித்தது ஹாப்பர் என்று பலர் எழுதுறாங்க, அது சரியில்ல. பிடித்தது கூட வேலை பார்த்தவங்க. ஊரெல்லாம் சொன்னது இவர். பக் என்ற பேரும் எடிசன் காலத்திலேயே உண்டு.

எனக்குப் பிடிச்சது பூச்சி இல்ல, அந்த நோட்டு. பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்து தரும் கம்ப்யூட்டருக்கு சர்வர்னு பேர். அதில் ஆபரேட்டிங் சிஸ்டமே இந்த நோட்டை எழுதுது, அதுதான் லாக். சர்வர் நின்னா, தெரிஞ்சவங்க முதலில் லாக்கின் கடைசி வரிகளைப் படிப்பாங்க: எத்தனை மணி, எந்த புரோகிராம், டிஸ்க் நிறைஞ்சிருச்சா. பார்க்காம ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஓடும், ஆனா காரணம் தெரியாது. நாளைக்கும் நிக்கும். நம்ம மலையில் மேகம் இறங்கினாலே கரண்ட் போயிடும். அதனால எல்லாப் பழியும் கரண்ட் மேலதான்! நம்ம கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு நோட்டு வைக்கலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டிருக்கேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 100 வருஷத்துக்கு மேல சூரியனைப் படம் பிடிச்சு, தேதி போட்டு வெச்சிருக்காங்களே!

1952-ல் ஹாப்பர், கம்பைலர் என்ற புரோகிராமை உருவாக்கினார். 1986-ல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பேர் வெச்சிருக்காங்க.