கை நடுங்கிய படங்கள்

'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தோட ஓமாஹா கடற்கரைக் காட்சியை ஹாஸ்டல் ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பார்த்திருக்கீங்களா? குண்டு பாயும்போது நம்மளையும் அறியாம தலை குனியும். அந்தக் காட்சிக்கு வேர் எங்கேன்னு தேடினா, ஒரு போட்டோகிராபர்கிட்ட போய் நிற்பீங்க. அவர்தான் ராபர்ட் காப்பா.

1913-ல் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் எண்ட்ரே ஃப்ரீட்மன். நம்ம வயசுலேயே அரசியல் காரணமா ஊரை விட்டு பெர்லின் போனார். ஹிட்லர் வந்ததும் அங்கிருந்து பாரிஸ். 'காப்பா' என்பது அங்கே அவரும் காதலி கெர்டா டாரோவும் சேர்ந்து உருவாக்கிய பெயர். இருவரும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுக்கப் போனார்கள். 1937-ல் அந்தப் போரிலேயே டாரோ இறந்தார். காப்பா கேமராவைக் கீழே வைக்கவில்லை.

1944 ஜூன் 6. ஓமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையினரோடு அவரும் தண்ணீரில் இறங்கினார். இன்று நமக்குக் கிடைப்பவை பத்துப் பதினோரு படங்கள்தான். கலங்கி, ஆடி, மங்கலா இருக்கும். ஆனா பார்த்தவுடனே தெரியும், எடுத்தவரும் சுடப்படும் இடத்தில்தான் இருந்தார் என்று.

1998-ல் ஸ்பீல்பெர்க்கும் ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கியும் பிடித்துக்கொண்டது இதைத்தான். இங்கே கொஞ்சம் நம்ம சப்ஜெக்ட். வழக்கமான சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர். ஒரு ஃபிரேமுக்கு 1/48 நொடி வெளிச்சம். இவர்கள் ஷட்டரை 90, 45 டிகிரிக்குக் குறைத்தார்கள். வெளிச்சம் விழும் நேரம் 1/96, 1/192 நொடி ஆனது. அசைவின் மங்கல் குறைந்து, தெறிக்கும் மணல் துகள் துகளாகத் தெரிந்தது. ஓட்டம் வெட்டி வெட்டி நகர்ந்தது. லென்ஸின் மேல்பூச்சை நீக்கினார்கள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். காப்பாவின் படம் மங்கல், இவர்களுடையது கூர்மை. வழி நேரெதிர்தான், ஆனா விளைவு ஒன்று: கேமராவுக்கே பாதுகாப்பு இல்லைன்னு நம்ம மூளை நம்பிவிடுகிறது. 'உள்ளே இருக்கிற' உணர்வு வருவது அதனால்தான்.

காப்பாவுக்கு அது வெறும் உணர்வு இல்லீங்க. 1954 மே 25, இந்தோசீனப் போரைப் படமெடுக்கப் போன இடத்தில் கண்ணிவெடியை மிதித்தார். வயது 40.

நாம ஸ்பேஸ் பாரைத் தட்டினா போர் நின்னுடும். அவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த தடவை அந்தக் காட்சியைப் பார்க்கும் முன்னாடி, அந்தப் பத்துப் பதினோரு படங்களை ஒருமுறை தேடிப் பார்த்துடுங்க.